பாதி மருந்து குப்பியில், மீதி நோயாளியின் உடம்பில்

கேள்வியைச் சுருக்கி இங்கே எழுதிக்கொள்கிறேன். "ரிட்டுக்சிமாப், டிரஸ்டுஜுமாப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகள் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் போய்த் தாக்கும் ஏவுகணைகள் என்கிறார்கள். அப்படியானால் நோயாளியின் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அங்கே என்ன வேலை? ஒருவருக்கு நன்றாகக் கேட்கும் மருந்து, அதே நோய் உள்ள இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை?"

எனக்கு அந்த ஏவுகணை உவமைதான் இடிக்கிறது. ஏவுகணை போய் விழுந்தால் வெடிக்கும். வெடிமருந்து அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். ரிட்டுக்சிமாபின் வயிற்றில் அப்படி எதுவும் கிடையாது. அது பெரும்பாலும் அடையாளம் வைக்கும் வேலையைத்தான் செய்கிறது. சாலையோர மரங்களை வெட்டுவதற்கு முன்னால் ஒருவர் வந்து, வெட்ட வேண்டிய மரங்களில் மட்டும் சுண்ணாம்பால் ஒரு பட்டை அடித்துவிட்டுப் போவாரே, அந்த வேலை. கோடரியோடு வர வேண்டியவர்கள் நோயாளியின் உடம்புக்குள் இருக்கிறார்கள். அவர்கள் எத்தனை பேர், எவ்வளவு சுறுசுறுப்பானவர்கள், பட்டை அவர்கள் கண்ணில் எவ்வளவு தெளிவாகப் படுகிறது என்பதைப் பொறுத்தே மரம் விழும். ஆகவே உங்கள் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான்.

முதலில் எதிர்ப்பொருளின் உருவம். கவட்டைக் கிளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு கவைகள், கீழே ஒரு காம்பு. கவைகளின் நுனி குறிப்பிட்ட ஓர் இலக்கை மட்டும் பிடிக்கும். ரிட்டுக்சிமாபுக்கு அது பி செல்கள் என்ற வெள்ளணுக்களின் மேல் இருக்கும் சிடி20 என்ற புரதம், டிரஸ்டுஜுமாபுக்குச் சில மார்பகப் புற்றுச் செல்களின் மேல் மிகுந்திருக்கும் ஹெர்2 என்ற புரதம். இந்தக் கிளையை முதலில் சீராக வெட்டிப் பார்த்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ரோட்னி போர்ட்டர், 1959-இல். அவர் கையாண்ட கத்தி பப்பேன், அதாவது பப்பாளிப் பாலில் இருக்கும் நொதி. வெட்டியதும் மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு ஒரே மாதிரியானவை, இலக்கைப் பிடித்தன. மூன்றாவது எதையும் பிடிக்கவில்லை. சும்மா இருந்து படிகமாக உறைந்தது. போர்ட்டருக்கு 1972-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்தாக்கத்தில் வெகுகாலம் எல்லோரும் கவைகளையே கூர்தீட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதில் முழுவதும் அந்த மூன்றாவது துண்டைப் பற்றியது, அதாவது காம்பைப் பற்றியது.

காம்பு எதற்காக? நம் உடலின் காவல் செல்கள் பலவற்றின் மேல் அதைப் பிடிக்கவென்றே ஏற்பிகள் இருக்கின்றன. கிருமி ஒன்றை எதிர்ப்பொருள்கள் சூழ்ந்துகொண்டால் காம்புகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும். காவல் செல் அந்தக் காம்புகளைப் பிடித்து, "இது நம்முடையதில்லை" என்று முடிவெடுக்கும். புற்று மருந்து இந்தப் பழைய ஏற்பாட்டை இரவல் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இது வெறும் ஊகமாக இருந்துவிடக்கூடாது என்று சோதித்தவர்கள் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ராவெட்சின் குழுவினர். 2000-இல் வெளிவந்த அந்தச் சோதனை எளிமையானது, அழகானது. எலிகளின் உடலில் மனிதப் புற்றுச் செல்களை வளரவிட்டு, டிரஸ்டுஜுமாபையும் ரிட்டுக்சிமாபையும் கொடுத்தார்கள். ஒரு பிரிவு எலிகளுக்குக் காம்பைப் பிடிக்கும் ஏற்பிகள் இருந்தன. இன்னொரு பிரிவில், காவல் செல்லைத் தூண்டிவிடும் ஏற்பிகள் உருவாகாதபடி மரபணுவை நீக்கியிருந்தார்கள். புற்று அதே புற்று, மருந்து அதே மருந்து, அளவும் அதே. முதல் பிரிவில் கட்டி ஒடுங்கியது. இரண்டாவதில் மருந்தின் பலனில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. மூன்றாவதாக ஒரு பிரிவும் வைத்திருந்தார்கள். காம்பைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒன்று மட்டும் எதிர்வேலை செய்யும். காவல் செல்லை "பொறு" என்று அடக்கும். அந்த ஒன்றை நீக்கிய எலிகளில் மருந்து வழக்கத்தைவிட வீரியமாக வேலை செய்தது. மருந்தில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல், உடம்பை மாற்றியே மருந்தின் பலத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கவைகளுக்குச் சொந்தமாகவும் வேலை உண்டு. ஹெர்2-வைப் பிடிக்கும் டிரஸ்டுஜுமாப் அதன் வழியாகச் செல்லும் வளர்ச்சிச் சமிக்ஞையையும் தடுக்கிறது. செடுக்சிமாப் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் மருந்து, வளர்ச்சிக் காரணி வந்து ஒட்ட வேண்டிய இடத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆகவே "எல்லாம் காம்புதான்" என்று சொல்ல மாட்டேன். கணக்கில் காம்பை விட்டுவிட்டால் விடை தப்பாக வரும் என்றுதான் சொல்கிறேன்.

இனி, கோடரியோடு வருபவர்கள். முதலாமவர் இயற்கைக் கொல்லி செல். நுண்ணோக்கியில் இதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். மருந்து பூசிய புற்றுச் செல்லை உரசிக்கொண்டு போகும் கொல்லி செல், காம்புகள் சிக்கியதும் சட்டென்று நின்றுவிடும். அதன் உள்ளே சிதறிக் கிடக்கும் நுண்மணிகள் ஒட்டிய பக்கமாக நகர்ந்து குவியும். அந்த மணிகளில் இரண்டு சரக்குகள்: சவ்வில் துளை போடும் பெர்ஃபோரின், துளை வழியே உள்ளே போய்ச் செல்லைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளச் செய்யும் கிரான்சைம்கள். கொஞ்ச நேரத்தில் புற்றுச் செல்லின் ஓரங்கள் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கத் தொடங்கும். கொல்லி செல் கழன்று அடுத்ததைத் தேடிப் போய்விடும்.

இரண்டாமவர் பெருவிழுங்கி செல், அதாவது மேக்ரோஃபேஜ். இது அடையாளம் வைத்த செல்லை அப்படியே விழுங்கிவிடும். புகழ் எல்லாம் கொல்லி செல்லுக்குத்தான் போகிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. காரணம் வேறொன்றுமில்லை, ரத்தத்தில் இருந்து கொல்லி செல்லைப் பிரித்தெடுத்துத் தட்டில் போட்டுச் சோதிப்பது எளிது, கல்லீரலிலும் மண்ணீரலிலும் குந்தியிருக்கும் விழுங்கிகளைச் சோதிப்பது கடினம். உயிருள்ள எலியின் கல்லீரலை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் கண்டது, ரத்தத்தோடு மிதந்து வரும் பி செல்களை, சிடி20 எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால், கல்லீரலின் விழுங்கி செல்கள் ஓடும் ஆற்றில் மீன் பிடிப்பது போலப் பிடித்து இழுத்துக்கொண்டதை.

மூன்றாவது, செல்லே இல்லாத ஒரு கூட்டம்: ரத்தத்தில் கரைந்திருக்கும் நிரப்புப் புரதங்கள். ஆறு எதிர்ப்பொருள்கள் நெருங்கி நின்று காம்புகளால் வளையம் போல அமைந்தால் இவை உசுப்பப்படும். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் செல்சவ்வில் ஓட்டை போடும். ஆனால் நம் சொந்தச் செல்கள் தற்செயலாகச் சேதப்படாமல் இருக்க, சிடி55, சிடி59 என்ற காப்புப் புரதங்கள் அவற்றின் மேல் இருக்கின்றன. புற்றுச் செல்லும் நம் செல்லில் இருந்து வந்ததுதானே. அந்தக் குடையை அதுவும் பிடித்துக்கொள்ளும், சில வேளைகளில் இன்னும் பெரிதாகவே.

இப்போது ஆளுக்கு ஆள் ஏன் வேறுபடுகிறது என்ற இடத்துக்கு வரலாம். கொல்லி செல்லின் மேல் காம்பைப் பிடிக்கும் ஏற்பி ஒரு புரதம். அதன் 158-ஆவது அமினோ அமிலம் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு வேலின், சிலருக்கு ஃபினைல் அலனின். தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒவ்வொரு பிரதி வருவதால் கலவையும் உண்டு. வேலின் இருந்தால் பிடி இறுக்கம், ஃபினைல் அலனின் இருந்தால் பிடி தளர்வு. 2002-இல் ஒரு பிரெஞ்சுக் குழு, ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு ரிட்டுக்சிமாப் மட்டும் கொடுக்கப்பட்ட 49 நோயாளிகளை இந்த ஒரு எழுத்து வேறுபாட்டின்படி பிரித்துப் பார்த்தது. இரண்டு பிரதியும் வேலின் உள்ளவர்கள் அனைவருக்கும் இரண்டு மாதத்தில் நோய் கட்டுப்பட்டிருந்தது. மற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கு மட்டுமே. நோயில் வேறுபாடில்லை, மருந்தில் வேறுபாடில்லை. பிறக்கும்போதே கொண்டுவந்த பிடியில்தான் வேறுபாடு.

இதைப் படித்ததும் மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். 49 பேர் என்பது சிறிய கூட்டம். கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்த பிற்கால ஆய்வுகளில் இந்த வேறுபாடு சிலவற்றில் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதனால் வழக்கமான சிகிச்சையில் இதைப் பார்த்து மருந்து முடிவு செய்வதில்லை. ஆனால் செயல்முறை உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை என் கையாலேயே பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த காலத்தில், இரண்டு தானதாரர்களின் ரத்தத்தில் இருந்து பிரித்த கொல்லி செல்களை 96 குழித் தட்டில் அருகருகே வைத்துச் சோதித்தேன். ஒரே புற்றுச் செல், ஒரே குப்பி மருந்து. ஒரு பாதித் தட்டில் புற்றுச் செல்கள் சரிந்துகிடந்தன, மறு பாதியில் ஏறக்குறைய வாழ்ந்துகொண்டிருந்தன. மருந்து ஊற்ற மறந்துவிட்டேன் என்றே நினைத்தேன். மறுநாள் முழுவதும் திரும்பச் செய்தேன், அதே விடை. "தட்டில் தப்பில்லை, ஆள் அப்படி" என்று மூத்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆளை மாற்ற முடியாது. காம்பை மாற்றலாம் அல்லவா? இங்கேதான் சர்க்கரை வருகிறது. காம்பின் இரண்டு பக்கமும், 297-ஆவது இடத்தில், கிளை விட்ட ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கும். அதன் அடியில் ஃபியூகோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரை மூலக்கூறு தொங்கும். மொத்த எதிர்ப்பொருளின் எடையில் அது ஒரு தூசி. அந்தத் தூசி, கொல்லி செல்லின் ஏற்பி காம்போடு பொருந்தும் இடத்தில் இடிக்கிறது. அதை நீக்கிவிட்டால் பிடி ஐம்பது மடங்கு வரை இறுகும் என்று 2002-இல் காட்டினார்கள். பிடி தளர்ந்த வகை ஏற்பி உள்ளவர்களுக்கும் இதனால் பலன் உண்டு. இப்படி ஃபியூகோஸ் குறைத்துச் செய்யப்பட்டவைதான் 2012-இல் ஜப்பானில் அனுமதி பெற்ற மோகாமுலிசுமாபும், 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒபினுடுஜுமாபும். ஒபினுடுஜுமாப் நாட்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றில் ரிட்டுக்சிமாபை முந்தியது. ஆனால் அதை அதிக அளவிலும் கொடுத்தார்கள் என்பதால், வெற்றி முழுவதையும் சர்க்கரையின் கணக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. வேகமாக வளரும் பெரிய பி செல் லிம்போமாவில் இதே மருந்து ரிட்டுக்சிமாபைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏன் தாண்டவில்லை? பிடியின் இறுக்கம் மட்டும் போதாது, ஆள்பலமும் வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கோடரிக்காரர்கள் களைத்துவிடுவார்கள். புற்றுச் செல்கள் கோடிக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும்போது ரிட்டுக்சிமாபைக் கொட்டினால், நிரப்புப் புரதங்கள் தீர்ந்துபோகும், விழுங்கி செல்கள் நிறைந்துபோகும். அந்த நிலையில் ஒரு விசித்திரம் நடக்கிறது. முழுச் செல்லையும் விழுங்க முடியாத காவல் செல், அதன் மேல் ஒட்டியிருக்கும் மருந்தையும் அதோடு சேர்ந்த சிடி20-ஐயும் மட்டும் பிய்த்துத் தின்றுவிடும். சவரம் செய்த முகம் போலப் புற்றுச் செல் வழுவழுவென்று தப்பித்துப் போகும். அடுத்த வேளை மருந்துக்கு அதன்மேல் பிடிக்க எதுவும் இருக்காது. மருந்தை அதிகமாக ஊற்றினால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே கவிழ்கிறது.

புற்றுச் செல்லும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. சிடி47 என்ற புரதத்தை மேலே அதிகமாக வைத்துக்கொண்டு விழுங்கி செல்லிடம் "என்னைத் தின்னாதே" என்று சொல்லும். அதைத் தடுக்கும் மருந்து வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காலத்தில் பெரிய ஆரவாரம் எழுந்தது. ஆனால் அதே வாசகத்தை நம் சிவப்பணுக்களும் மேலே எழுதி வைத்திருக்கின்றன. மருந்து கொடுத்தால் ரத்தசோகை வருகிறது. அந்த வகையில் முன்னணியில் இருந்த மாக்ரோலிமாப், ரத்தப் புற்றுகளில் நடந்த பெரிய சோதனைகளில் பலன் காட்டாமல் நிறுத்தப்பட்டது.

இதுவரை உடல் மருந்துக்கு ஒத்தாசை செய்வதையும், செய்ய முடியாமல் போவதையும் பார்த்தோம். உடல் மருந்தையே எதிரியாகப் பார்ப்பதும் உண்டு. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியைக் கண்டார்கள். அவை எலியின் எதிர்ப்பொருள்கள். மனிதனுக்கு ஏற்றினால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எலிப் புரதம் என்று கண்டுகொண்டு, அதற்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்யும். இரண்டாவது, மூன்றாவது ஊசியில் மருந்து வந்த சுவடு தெரியாமல் துடைக்கப்பட்டுவிடும். போதாததற்கு, எலிக் காம்பு மனித ஏற்பிகளில் சரியாகப் பொருந்துவதும் இல்லை. ஆகவே கவை நுனியை மட்டும் எலியில் இருந்து எடுத்து, மீதியை மனிதப் புரதமாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். இந்த வரலாறு மருந்துப் பெயர்களின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. "-மோமாப்" என்று முடிந்தால் எலி. "-சிமாப்" என்றால் எலியின் கவையும் மனிதக் காம்பும் சேர்ந்த ஒட்டு. "-சுமாப்" என்றால் நுனி தவிர மற்றதெல்லாம் மனிதம். "-உமாப்" என்றால் முழுக்க மனிதம். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த இன அடையாளத்தைக் கைவிட்டதால், புதிய பெயர்களில் இதைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

எலித்தனம் புரதத்தில் மட்டும் ஒளிந்திருக்கும் என்றில்லை. செடுக்சிமாப் கதை இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இந்த மருந்தின் முதல் டிரிப் ஏறிய சில நிமிடங்களிலேயே பலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது, மூச்சு முட்டியது. முதல் டிரிப்பிலேயே ஒவ்வாமை என்பது புதிர். அதுவரை சந்தித்திராத ஒன்றின் மேல் உடலுக்கு எப்படிப் பகை வரும்? அதிலும் நாட்டின் வடகிழக்கில் இது அரிது. 2008-இல் விடை வெளிவந்தது. செடுக்சிமாப் எலிச் செல்களில் தயாராகிறது. அந்தச் செல்கள் மருந்தின் மேல் ஆல்ஃபா-கேல் என்ற சர்க்கரையை ஒட்டிவிடுகின்றன. மனிதர்களுக்கு அந்தச் சர்க்கரை கிடையாது, மற்றப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உண்டு. ஆய்வுக்கு உள்ளான 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தது. அவர்களில் 17 பேரின் ரத்தத்தில், மருந்து ஏறுவதற்கு முன்னரே, ஆல்ஃபா-கேலுக்கு எதிரான ஐஜி-ஈ வகை எதிர்ப்பொருள், அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் வகை, இருந்தது. எங்கிருந்து வந்தது? உண்ணிக் கடியில் இருந்து. அந்தப் பகுதிகளில் திரியும் ஒரு வகை உண்ணி கடித்தவர்களின் உடல் அந்தச் சர்க்கரைக்கு எதிராகத் தயாராகி நின்றிருக்கிறது. எப்போதோ காலில் கடித்த உண்ணி, பிற்பாடு புற்றுச் சிகிச்சையில் குறுக்கே வந்து நின்றது. அதே இலக்கைப் பிடிக்கும் பானிடுமுமாப் எலிச் செல்லில் தயாராவதில்லை. அதில் இந்தத் தொல்லை இல்லை.

காம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, பலருக்கும் தெரியாதது: ஆயுள். ரத்தத்தில் இருக்கும் புரதங்களைச் செல்கள் ஓயாமல் உறிஞ்சிச் சிதைக்கின்றன. எதிர்ப்பொருளை மட்டும் ஒரு தனி ஏற்பி காம்பைப் பிடித்துக் காப்பாற்றி மறுபடி ரத்தத்தில் விட்டுவிடும். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இதே ஏற்பிதான். இந்தத் தயவால் எதிர்ப்பொருளின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ 21 நாள். பல மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும் என்பது இந்த ஏற்பி தந்த வசதி. காம்பே இல்லாமல் செய்யப்பட்ட பிளினாடுமோமாபைப் பாருங்கள். 2014-இல் அனுமதி பெற்ற இந்த மருந்து இரண்டு கவைகளை மட்டும் கோத்துச் செய்தது. அரை ஆயுள் சுமார் இரண்டு மணி நேரம். அதனால் நோயாளி 28 நாள் இரவும் பகலும் ஒரு சிறிய பம்பைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பிளினாடுமோமாபின் ஒரு கவை புற்றுச் செல்லின் சிடி19-ஐப் பிடிக்கும், மறு கவை டி செல் என்ற கொல்லும் திறனுள்ள வெள்ளணுவின் சிடி3-ஐப் பிடிக்கும். அடையாளம் வைத்துவிட்டுக் காத்திருக்கும் வேலை இல்லை. கொலையாளியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்துகிறது. டி செல்லை இப்படித் தட்டி எழுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2006 மார்ச்சில் லண்டனில் உலகம் பார்த்தது. டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக ஏற்றினார்கள். குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, வாந்தி. பிறகு உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன. கொரோனா காலத்தில் எல்லோர் காதிலும் விழுந்த சைட்டோகைன் புயல்தான் அது, நோய் எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் புரதங்கள் கட்டுமீறிப் பொங்குவது. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். குரங்குகளிடம் ஏன் தெரியவில்லை என்று தேடியபோது, அவற்றின் நினைவு டி செல்களில் ஒரு பிரிவின் மேல் அந்த மருந்தின் இலக்கான சிடி28 இல்லவே இல்லை என்று தெரிந்தது. எந்த நச்சுச் சோதனையும் சொல்லாததை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சிறு வேறுபாடு ஒன்று சொல்லிற்று. இன்று இரட்டைப் பிடி மருந்துகளை முதலில் துளியாகக் கொடுத்து, படிப்படியாக ஏற்றுவதும், புயல் கிளம்பினால் அடக்க டோசிலிசுமாபைக் கையில் வைத்திருப்பதும் இத்தகைய அனுபவங்களின் பின்னணியில்தான்.

காம்பு தொல்லையாக மாறும் இடமும் உண்டு. 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் நோபல் பெற்றுத் தந்த பிரேக் விடுவிக்கும் சிகிச்சை அது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை டி செல்லின் மேல் இருக்கும் பிடி-1 என்ற பிரேக்கை மூடிவைக்கின்றன. புற்றை அவை தொடுவதே இல்லை. காப்பாற்ற வேண்டிய டி செல்லின் மேல் ஒட்டுகிற மருந்துக்கு வீரியமான காம்பு இருந்தால் என்ன ஆகும்? கோடரிக்காரர்கள் டி செல்லையே வெட்டிவிடுவார்கள். ஆகவே காம்பு மந்தமான ஐஜி-ஜி4 என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். அட்டிசோலிசுமாபில் இன்னொரு வழி: மேலே சொன்ன 297-ஆவது இடத்துச் சர்க்கரைச் சங்கிலி ஒட்டவே முடியாதபடி காம்பைத் திருத்திவிட்டார்கள். ஒரு மருந்தில் அந்தச் சர்க்கரையைச் செதுக்கி வீரியம் கூட்டுகிறோம், இன்னொன்றில் அதை அடியோடு நீக்கி வீரியத்தை அணைக்கிறோம்.

இந்த வகை மருந்துகளில் உடலின் பங்கு பாதி என்பதுகூடக் குறைவு, முழுவதும் உடல்தான். கட்டிக்குள் டி செல்கள் ஏற்கெனவே நுழைந்து முடங்கிக் கிடந்தால் பிரேக்கை எடுப்பதில் பொருள் உண்டு. உள்ளே டி செல்லே இல்லாத கட்டியில் எதை விடுவிப்பது? மரபணுப் பிழை திருத்தும் திறனை இழந்த புற்றுகளில் விகாரப் புரதங்கள் ஏராளம், டி செல்லின் கண்ணில் அவை உறுத்தும். அதனால்தான் 2017-இல் பெம்ப்ரோலிசுமாபுக்கு, எந்த உறுப்பின் புற்று என்று பார்க்காமல், அந்தப் பிழையை மட்டும் பார்த்து அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிரேக் எடுத்த வண்டி எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது என்பது மறுபக்கம். தைராய்டு, குடல், தோல், ஈரல், அரிதாக இதயத் தசைகூட அடிபடும்.

எதிர்ப்பொருளில் நஞ்சைக் கட்டி அனுப்பும் மருந்துகளைப் பற்றியும் பலர் கேட்பார்கள். ஏவுகணை உவமை ஓரளவு பொருந்துவது அவற்றுக்குத்தான். ஆகவே இந்தப் பதிலில் அவற்றுக்கு அதிக இடமில்லை. டிரஸ்டுஜுமாபில் நஞ்சைக் கட்டிய டிரஸ்டுஜுமாப் எம்டான்சினில்கூட அந்தப் பழைய காம்பு அப்படியே இருக்கிறது, வேலையும் செய்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நோயாளியோ குடும்பத்தாரோ இதைப் படித்தால், மருத்துவரிடம் பேசும்போது உதவக்கூடிய சில விஷயங்கள். ரிட்டுக்சிமாபின் முதல் டிரிப்பை மணிக்கு 50 மில்லிகிராம் என்று ஆமை வேகத்தில் தொடங்குவார்கள். காவல் செல்கள் ஒரே நேரத்தில் கொதித்தெழாமல் இருக்கத்தான் அந்த நிதானம், அவசரப்படுத்தாதீர்கள். தொடங்குவதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். எப்போதோ வந்து அடங்கிய வைரஸ்கூட, பி செல்கள் அழிந்ததும் தலைதூக்கி ஈரலைத் தாக்கக்கூடும். தடுப்பூசி ஏதும் பாக்கி இருந்தால் முன்கூட்டியே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்; சிடி20 மருந்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் தடுப்பூசிக்கு உடல் சரியாகப் பதில் சொல்லாது. பிடி-1 மருந்து எடுப்பவர்கள் வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து வரும் வயிற்றுப்போக்கையும் அசாதாரணக் களைப்பையும் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக டாராடுமுமாப். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்குக் கொடுக்கும் இது சிடி38-ஐப் பிடிக்கிறது. அந்தப் புரதம் சிவப்பணுக்களின் மேலும் கொஞ்சம் இருப்பதால் மருந்து அங்கேயும் போய் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால், ரத்த வங்கியின் பொருத்தச் சோதனையில் தட்டில் உள்ள எல்லா ரத்தமும் பொருந்தாதது போலவே தோன்றும். காரணம் தெரியாத தொழில்நுட்பர் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார், ஏற்ற வேண்டிய ரத்தம் தாமதமாகும். காரணம் தெரிந்தால் அதற்கு மாற்றுச் சோதனை உண்டு. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே ரத்த வகையையும் எதிர்ப்பொருள் சோதனையையும் பதிவு செய்து, மருந்தின் பெயர் எழுதிய அட்டையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஊசி போட்ட பிறகும் ஆறு மாதம் வரை அது பையிலேயே இருக்கட்டும்.